ஆளுக்கு நூறு வாட்

மாப்பிள்ளையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து இந்திராணி வீட்டு வாசலில் இறக்கியபோது பொழுது விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஆனால் வெளிச்சத்தைப் பார்த்து மணி சொல்ல முடியாத நாள் அது. சுண்ணாம்பு நாள் என்று மலையில் அதற்குப் பெயர். வானமும் மூடுபனியும் ஒன்றாகிவிடும். எதிர்வீட்டுக் கதவுகூடத் தெரியாது. அந்த மாதிரி நாட்களில் தேயிலைக் காட்டில் வேலை கிடையாது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் எல்லோரும் இருக்கிற கம்பளியையெல்லாம் சுற்றிக்கொண்டு அடைந்து கிடப்பார்கள்.

தூக்கி வந்தவர்கள் ஒன்றும் பேசவில்லை. வேறு வீடாக இருந்தால் "மாமியாரே, ஆரத்தி எங்க?" என்று ஒரு கேலியாவது நடந்திருக்கும். இந்திராணி வீட்டில் அதெல்லாம் நின்றுபோய் ஒரு மாதம் ஆயிற்று. வைத்தார்கள், போனார்கள்.

மாப்பிள்ளை என்பது இடுப்பு உயரத்துக்குச் சக்கரம் வைத்த ஒரு பெட்டி. கீழே சமவெளியில் அதற்குப் பெயர் ஏசி. பூமி கொதிக்கிறது என்று மேலே துகள் தூவி, வெயிலை வடிகட்ட வான்திரை போட்டார்கள் அல்லவா, அதற்குப் பிறகு சமவெளியில் ஏசிக்கு வேலை இல்லாமல் போயிற்று. சித்திரையில்கூட ஜனங்கள் மொட்டைமாடியில் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்களாம். மலைக்கு வேறு விதி. மார்கழியில் இங்கே குழாய்த் தண்ணீர் கல்லாகிவிடுகிறது. திட்டம் போட்டவர்களின் கணக்கில் மலையில் இருக்கிறவர்கள் சொற்பம். சொற்பமான ஆட்களுக்கு வழக்கமாகக் கிடைப்பதுதான் இவர்களுக்கும் கிடைத்தது: கீழே வேண்டாம் என்று ஒதுக்கிய ஏசி, எட்டு வீட்டு லைனுக்கு ஒன்று. திருப்பி ஓட்டினால் அது வெளியே இருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டை உறிஞ்சி உள்ளே தள்ளும்.

தள்ளும், அதற்கு மனமிருந்தால். வெயில் ஊருக்கென்று செய்த பெட்டி. குளிர் அதிகமானால் முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். வீட்டில் இருக்கும் நல்ல கம்பளியை அதற்குப் போர்த்த வேண்டும், தரையின் சில்லிப்பு ஏறாமல் பலகை போட வேண்டும், சாய்க்கக் கூடாது, படுக்க வைக்கக் கூடாது. இத்தனை உபசாரத்துக்குப் பிறகும் காத்திருங்கள் என்று சொல்லும். மாப்பிள்ளை என்று பேர் வந்தது அதனால்தான். வேறு வழியும் இல்லை. ஒரு கம்பிச்சுருள் ஹீட்டர் போட்டால் லைன் முழுதும் ப்யூஸ் போய்விடும். போன வருஷம் எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் படுத்த ஒரு குடும்பம் எழுந்திருக்கவே இல்லை.

வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை. இந்த நாள் இந்திராணியின் முறை.

அவள் பெட்டியைச் சுவரோரம் நிறுத்தி ப்ளக்கைச் சொருகினாள். அடிப்பக்கம், பெட்டி சூடேறுகிறது என்று காட்டும் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்த பாப்பாவைத் தொட்டுப் பார்த்தாள். குறைமாதத்தில் பிறந்தவள். ஒரு மாதம் தாண்டியும் உள்ளங்கை இரண்டுக்குள் அடங்குகிற உடம்பு. சூடு குறையாமல் பார்த்துக்கொள், அது ஒன்றுதான் மருந்து என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். புருஷன் மோகனராஜ் காய்கறி லாரியோடு மேட்டுப்பாளையம் போனவன், ரோடு உறைந்து மூடிவிட்டதால் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தான்.

பாப்பா பிறந்து வீட்டுக்கு வந்த வாரம்தான் அந்தச் சங்கதி நடந்தது. அன்றைக்கு இந்திராணியின் முறை முடிந்து, லைனின் முறையைப் பார்த்துக்கொள்ளும் சிலுவைமுத்து பெட்டியை எடுக்க வந்தார். அவள் கதவை மறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "இன்னும் ஒரே ஒரு நாள் அண்ணே, பாப்பாவுக்காக." அவர் குழந்தையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். ஒரு நாள் மூன்று நாள் ஆயிற்று. அடுத்த முறை பக்கத்து வீட்டு தங்கப்பொண்ணுவுடையது. அவள் புருஷன் வேலாயுதத்துக்கு நெஞ்சுச்சளி. மூன்றாம் நாள் அவன் இறந்துபோனான்.

பெட்டி நேரத்துக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பானா என்பது யாருக்கும் தெரியாது. நெஞ்சு ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது என்று டாக்டரே சொன்னார். இந்திராணியை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

குழாய் உறைந்திருந்ததால் லைன் கோடியில் இருந்த தொட்டிக்குப் பாப்பாவோடு தண்ணீர் எடுக்கப் போனாள். அங்கே ஐஸை உடைத்து மொண்டுகொள்ள வரிசை. முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை. குடத்தோடு வீடு வந்து சேர்ந்தபோது விரல்கள் மரத்திருந்தன. உள்ளே வந்ததும் முதலில் அந்தச் சிவப்பு விளக்கைத்தான் தேடினாள். எரியவில்லை.

கரண்ட் போய்விட்டதா? இல்லை, பல்பு எரிகிறது. சுவரைப் பார்த்தாள். சுவிட்ச் அணைந்திருந்தது. அணைத்தது அவளேதான். சின்ன வயதில் சுவிட்ச்சை அணைக்காமல் வாசல்படி தாண்டினால் அப்பா முதுகில் ஒன்று வைப்பார். "கரண்டு என்ன உங்க தாத்தா வீட்டுச் சொத்தா?" என்பார். அந்தப் பழக்கம் கையில் ஊறிப்போய், அவளைக் கேட்காமலே கை வேலையைச் செய்திருந்தது.

சுவிட்ச்சைப் போட்டாள். செய்தி வாசிக்கிற பெண் போலப் பெட்டி பேசியது. "கம்ப்ரஸர் வெப்பம் போதவில்லை. காத்திருக்கவும்."

"எவ்வளவு நேரம்?"

"தற்போதைய நிலையில் ஐந்து மணி நேரம்."

"அவ்வளவு நேரம் தாங்காது. குழந்தை இருக்கு."

"கம்ப்ரஸருக்குள் எண்ணெய் கெட்டியாகியுள்ளது. வாயு குளிர்ந்து திரவமாகி எண்ணெய்க்குள் இறங்கியுள்ளது. கம்ப்ரஸர் வாயுவை அழுத்தும். திரவத்தை அழுத்த முடியாது. இப்போது ஓடினால் உடையும். அடியில் உள்ள சிறு ஹீட்டர் எண்ணெயைச் சூடாக்கும் வரை காத்திருக்கவும்."

"உன்னைக் காப்பாத்திக்கத்தான் உனக்குத் தெரியுது," என்றாள் இந்திராணி.

"ஆம். அதுவே எனக்குத் தரப்பட்டுள்ள பணி."

எகத்தாளம் இல்லை, உண்மையைத்தான் சொன்னது. அவள் பாப்பாவின் காலைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. மார்பில் வைத்தாள், சப்பவில்லை. அழவும் இல்லை. அழுகிற குழந்தைக்குப் பயப்படாதே, அழாத குழந்தைக்குப் பயப்படு என்று அந்த நர்ஸ் சொன்னது காதில் ஒலித்தது. அவள் உடம்பே வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த உடம்பில் குழந்தைக்குக் கொடுக்க என்ன சூடு மிச்சம் இருக்கும்?

பெட்டியின் பின்னால் ஒரு மூடி. அதற்குள் மஞ்சள் பொத்தான், அவசர இயக்கம் என்று எழுதியிருக்கும். அதை யாரும் தொடக்கூடாது என்பது லைனில் சட்டம். அவள் மூடியைத் திறந்தாள்.

"பரிந்துரைக்கப்படவில்லை," என்றது பெட்டி.

அமுக்கினாள். உள்ளே ஏதோ முனகியது, பிறகு இரும்பில் இரும்பு மோதியது போல ஓர் அடி. பல்பு ஒருமுறை மங்கி எரிந்தது. அப்புறம் சத்தமே இல்லை. சிவப்பு விளக்கு மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"உடைஞ்சுதா?" என்று கேட்டாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

"பரிசோதனை நடைபெறுகிறது. அறை வெப்பத்தை உயர்த்தவும்."

"எப்படி உயர்த்துறது? அதுக்குத்தானே நீ?"

"கதவு சன்னல்களை மூடவும். ஆட்கள் இருந்தால் அறை சூடாகும். அமர்ந்திருக்கும் ஒருவர் ஏறத்தாழ நூறு வாட் வெப்பம் தருகிறார். தற்போது அறையில் ஒருவர் இருக்கிறார்."

"ரெண்டு பேரு இருக்கோம்."

"ஒருவர் மட்டுமே கணக்கில் வருகிறார்."

சமவெளியில் ஓடிய காலத்தில் அறையில் எத்தனை ஆள், எவ்வளவு சூட்டை வெளியேற்ற வேண்டும் என்று எண்ணிப் பழகிய பெட்டி அது. அதன் கண்ணுக்கு மனிதர்கள் விரட்ட வேண்டிய சூடு. பாப்பா அந்தக் கணக்கில்கூட வரவில்லை. இந்திராணி பாப்பாவோடு சேர்த்து முந்தானையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே ஓடினாள்.

சிலுவைமுத்து வீட்டுக் கதவைத் தட்டும்போதே அவள் மனதுக்குள் வார்த்தையை மாற்றிக்கொண்டாள். என் பாப்பா என்று ஆரம்பிக்க வாய் வரவில்லை. போன மாதமும் அவள் அந்த வார்த்தையைத்தான் சொன்னாள், அதற்கு ஒரு உயிர் போயிற்று.

"அண்ணே, மாப்பிள்ளைக்கு ஆபத்து."

அவர் கண்ணைச் சுருக்கினார். "என்ன பண்ணே அதை?"

"குளிர்ல விறைச்சுக் கெடக்கு. கம்ப்ரஸர் உடைஞ்சிருமாம். வீட்டுக்குள்ள ஆளுங்க வந்து உக்காந்தா, அந்தச் சூட்டுல பொழைச்சுக்குமாம்."

"ஆளுச் சூட்டுல எந்திரம் பொழைக்குமா? யாருகிட்ட கதை விடுறே?"

"அதே சொல்லுதுண்ணே. ஆளுக்கு நூறு வாட்டாம்."

பெட்டி போனால் எட்டு வீடும் போச்சு. சிலுவைமுத்து லைனைப் பார்த்துக் கூப்பாடு போட்டார். "எல்லாரும் கெளம்புங்க. மாப்பிள்ளைக்கு முடியலயாம். கம்பளியோட வாங்க."

வீடு வீடாகக் கதவுகள் திறந்தன. இந்திராணி கடைசியாகத் தங்கப்பொண்ணு வீட்டு வாசலில் போய் நின்றாள். தட்டக் கை எழவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு தட்டுவது? அப்படியே திரும்பித் தன் வீட்டுக்கு நடந்தாள்.

உள்ளே தங்கப்பொண்ணு இருந்தாள். எல்லோருக்கும் முன்னால் வந்து, பெட்டியின் முதுகில் தன் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். பெட்டி முழுக்க அவளுடைய நீலக் கம்பளி, எழுத்து ஓடும் சின்னத் திரைகூடத் தெரியாமல் போர்த்தியிருந்தது.

"ஓயாம சத்தம் போட்டுச்சு. வாயை அடைச்சுட்டேன்," என்றாள் தங்கப்பொண்ணு. ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் இந்திராணியிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். குழந்தையை அவள் பார்க்கவில்லை. "வர்றவங்களைச் சீக்கிரம் உள்ள வரச் சொல்லு. கதவைத் திறந்து போட்டா இருக்கறதும் போயிரும்."

வந்தார்கள். புருஷன் பெண்டாட்டி, வயசுப் பெண்கள், சிலுவைமுத்துவின் தம்பி, அவன் மாமனார். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். எல்லோர் மூச்சும் புகையாக வந்துகொண்டிருந்தது. தங்கப்பொண்ணு கம்பளியின் ஓரத்தைத் தூக்கித் திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்ன சொல்லுறாரு மாப்பிள்ளை?" என்றார் சிலுவைமுத்து.

"நாலு டிகிரி ஏறணுமாம்."

"வரதட்சணை கேக்குறாருடோய்," என்றான் அவர் தம்பி. யாரோ சிரித்தார்கள். அந்த அறைக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

ஆனால் அந்த இரும்புச் சத்தம் அவள் காதைவிட்டுப் போகவில்லை. உடைத்துவிட்டேனா? உடைத்துவிட்டு இத்தனை பேரையும் கூட்டி வைத்திருக்கிறேனா? சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தாள். சொன்னால் அடுத்த நிமிஷம் அறை காலியாகிவிடும். பாப்பாவைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். போன மாதமும் இப்படித்தான் பாப்பாவைப் பார்த்து ஒரு தப்பைச் செய்தோம் என்பது அவளுக்கு மறக்கவில்லை.

"ஏண்டி, நீயே நடுங்குற. பிள்ளையை இங்க குடு," என்றாள் பக்கத்தில் இருந்த ராமாயி. நல்ல கனத்த உடம்புக்காரி. ரவிக்கைக்குள் குழந்தையைத் தோலோடு தோலாக வைத்துக்கொண்டு, மேலே ஸ்வெட்டரை இழுத்துவிட்டாள். "அய்யோ, தவளைக்குஞ்சு மாதிரி சில்லுனு இருக்கா." கொஞ்ச நேரத்தில் ராமாயியின் நாத்தனார் வாங்கிக்கொண்டாள். அப்புறம் இன்னொருத்தி. பாப்பா கைமாறிக் கைமாறி அறையைச் சுற்றிவந்தாள். இந்திராணியின் கண்கள் அவள் பின்னாலேயே போயின.

மத்தியானம் சிலுவைமுத்துவின் தம்பி எழுந்தான். "மாட்டுக்குத் தண்ணி வைக்கணும். இத்தனை பேரு இருக்கீங்கல்ல, நான் ஒருத்தன் போனா என்ன?"

"உக்காரு," என்றாள் தங்கப்பொண்ணு. கம்பளியைத் தூக்கிப் பார்த்தாள். "இன்னும் ரெண்டு டிகிரிதான் வேணுமாம். இப்ப நீ கதவைத் திறந்தா மறுபடி மொதல்லேர்ந்து. அப்புறம் உன் முறைக்குப் பெட்டி இல்லேன்னா என்னைக் கேக்காதே."

அவன் உட்கார்ந்தான். பிற்பாடு அவன் போய்விட்டுத் திரும்பி வந்தபோதும் கதவை ஒருக்களித்துத் திறந்து பூனை போல நுழைந்தான். யாரோ தங்கள் வீட்டில் காய்ச்சிய கட்டங்காப்பியைத் தூக்குப்போசியில் கொண்டுவந்தார்கள். அறை கதகதப்பாகியிருந்தது. சன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. சிலர் கம்பளியை விலக்கிவிட்டார்கள்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் பாப்பா அழுதாள். முதலில் பூனைக்குட்டி சத்தம். அப்புறம் ஆங்காரமாக, நெஞ்சு அதிர, பசிக்கிறது என்று ஊருக்கே சொல்கிற அழுகை. பேச்சு நின்றது. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்திராணி பாய்ந்து வாங்கி மார்பில் சேர்த்தாள். சப்புகிற சத்தம் கேட்டது. அவளுக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது, அழுதாள்.

"மாப்பிள்ளை இன்னும் கெளம்பலியே," என்றார் சிலுவைமுத்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

"ஒரு டிகிரி," என்றாள் தங்கப்பொண்ணு. "இன்னைக்கு எல்லாரும் இங்கேயே படுங்க."

படுத்தார்கள். இந்திராணி மட்டும் தூங்கவில்லை. பெட்டி ஓட ஆரம்பிக்கிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே கிடந்தாள். அது வரவே இல்லை.

மறுநாள் மூடுபனி விலகி, வான்திரைக்குப் பின்னாலிருந்து வெளிறிய சூரியன் தெரிந்தது. ரோட்டில் உப்பு தூவிக்கொண்டு வந்த ஜீப்பில் பெட்டிகளைப் பராமரிக்கும் டிப்போவின் சர்வீஸ் ஆள் ஏறி வந்தான். ரியாஸ் என்று பெயர், சுறுசுறுப்பான பையன். கம்பளியை எடுத்தான். பின்பக்கத்தைக் கழற்றினான். கையை உள்ளே விட்டதும் உதட்டைப் பிதுக்கினான்.

"கம்ப்ரஸர் இறுகிப்போச்சு. திரவத்தோட ஓட விட்டிருக்கீங்க. யாரு அவசரப் பொத்தானை அமுக்கினது?"

"நான்தான்," என்றாள் இந்திராணி. "நேத்துக் காலையில. இவங்களையெல்லாம் கூப்பிடறதுக்கு முன்னாடியே."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சிலுவைமுத்துவின் முகம் கறுத்தது. "புதுசு எப்ப வரும்?"

"கீழேர்ந்து வரணும். பங்குனி ஆயிரும். அதுக்குள்ள குளிரும் போயிரும்." ரியாஸ் உள்ளே எதையோ இழுத்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினான். "ஆனா ஒண்ணு புரியலீங்க. பரிசோதனைன்னு கொஞ்ச நேரம் சொல்லும். அது முடிஞ்சதும் பழுது, பழுதுன்னு கத்திட்டே இருக்கும். ஸ்பீக்கர் ஒயரை யாரோ புடுங்கியிருக்காங்களே. திரையிலயும் அது ஒண்ணுதான் காட்டியிருக்கும். நேத்துப் பூரா அதைப் பாத்துட்டா உக்காந்திருந்தீங்க?"

சிலுவைமுத்து மெதுவாகத் திரும்பினார். தங்கப்பொண்ணு தன் நீலக் கம்பளியை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

இந்திராணி பாப்பாவோடு பின்னாலேயே ஓடி, அவள் வீட்டு வாசலில் பிடித்தாள்.

"அக்கா. உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நான் உள்ள வரும்போதே கத்திட்டிருந்துச்சு. பழுது, அணைக்கவும்னு."

"அப்புறம் அந்த டிகிரியெல்லாம்..."

"கம்ப்ரஸர் போச்சுன்னு சொன்னா எந்திரிச்சுப் போயிருப்பாங்க."

"பாப்பாவுக்காகன்னு கேட்டிருந்தா இருந்திருப்பாங்களாக்கா?"

"இருந்திருப்பாங்களோ என்னமோ. நீ கேக்கலயே." தங்கப்பொண்ணு கதவின் நாதாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நானும்தான் கேக்கல. அவரு போன அன்னைக்கு, பெட்டி வருமா வருமான்னு உன் வாசலையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். உன்னைச் சபிச்சுக்கிட்டே. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் ஆறு பேரு, இந்தப் பக்கம் நீயும் உன் புருஷனும். ஒருத்தரைக்கூட உள்ள வந்து உக்காருங்கன்னு கூப்பிடத் தோணல எனக்கு. சூடுன்னா அது பெட்டியிலேர்ந்துதான் வரணும்னு நெனைச்சுட்டேன்."

மன்னிப்பு என்கிற வார்த்தை அந்த இடத்துக்குப் போதாது என்று இந்திராணிக்குத் தெரிந்தது.

தங்கப்பொண்ணு முதல்முறையாகக் குழந்தையைப் பார்த்தாள். ஒரு விரலை நீட்டிப் பாப்பாவின் பாதத்தைத் தொட்டு, சூடு இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

"உன் முறை முடிஞ்சுது. அடுத்தது எங்க வீடு," என்றாள். "எல்லாரையும் கம்பளியோட வரச் சொல்லிடு. இந்தத் தடவையாவது நேரத்துக்கு வந்து சேரு."